வியாழன் ஏன் கொதிக்கிறது? பெரிய தொலைநோக்கி வாங்கினால் தீருமா?

செந்தூல்_18மாடி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம், 18-ஆவது மாடி. பையன் படிவம் 2 படிக்கிறான். அவன் நச்சரிப்புத் தாங்காமல் ஒருவர் பயன்படுத்திய 8 அங்குலத் தொலைநோக்கியை வாங்கினேன். ஷ்மிட்-காசெக்ரைன் வகை. குட்டையான குழாய், முன்பக்கம் கண்ணாடித் தகடு போட்டு மூடியிருக்கும்.

நிலாவுக்குக் குறையே இல்லை. வியாழன்தான் படுத்துகிறது. 80 மடங்கில் சின்னதாக, இரண்டு பட்டையோடு, பக்கத்தில் நான்கு நிலாக்களோடு ஒழுங்காக நிற்கிறது. 250 மடங்குக்கு ஐபீஸை (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையை) மாற்றியதும் கொதிக்க ஆரம்பித்துவிடுகிறது. ஓரம் நெளிகிறது, பட்டை கரைகிறது, ஒரு கணம் கூர்மையாகி மறுகணம் கலங்கிவிடுகிறது. இதே 8 அங்குலத்தில் எடுத்ததாகச் சொல்லி இணையத்தில் போடும் படங்களில் பெரிய சிவப்புப் புள்ளியே தெரிகிறதே!

நாங்கள் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பால்கனி மேற்கு பார்த்தது. கொசுத் தொல்லை, டெங்கி பயம் வேறு. அதனால் ஹாலில் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவைக் குழாய் நீட்டும் அளவுக்கு மட்டும் திறந்துவைத்து உள்ளே உட்கார்ந்தே பார்க்கிறோம். வியாழன் மேற்கே பாதி உயரத்துக்கு இறங்கிய பிறகுதான் எங்களுக்குக் கிடைக்கும். சில இரவுகளில் முன்கண்ணாடி மங்கி எதுவுமே தெரியாமல் போகிறது.

என் கேள்விகள்: தொலைநோக்கியில் கோளாறா? விற்றவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். ஒரு கடைக்காரர் 12 அங்குலத்துக்கு மாறச் சொல்கிறார், அது சில ஆயிரம் வெள்ளி. அப்புறம் பையன் கேட்டது: "காற்றுதான் கெடுக்கிறது என்றால் ஹவாயிலும் சிலியிலும் ஏன் அவ்வளவு பெரிய தொலைநோக்கிகளைத் தரையில் கட்டுகிறார்கள்? எல்லாவற்றையும் விண்வெளிக்கு அனுப்ப வேண்டியதுதானே?" நான் கணக்கு எழுதுகிறவள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.


கிள்ளான்_இரவன்:

அக்கா, கோலாலம்பூரில் வானம் பார்க்க நினைப்பதே வீண். ஒளி மாசு. 8 அங்குலமோ 12 அங்குலமோ, இரட்டைக் கோபுரத்துப் பக்கம் இருந்துகொண்டு என்ன பார்க்கப் போகிறீர்கள்? காரில் ஏற்றிக்கொண்டு சிக்கிஞ்சான் வயல்வெளிக்குப் போய்விடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.


ஆயர்_ஈத்தாம்_அளவையர்:

தம்பி சொல்வது பால்வீதிக்குப் பொருந்தும், வியாழனுக்குப் பொருந்தாது. நிலாவும் வியாழனும் சனியும் தெருவிளக்கை மதிக்காத அளவுக்குப் பிரகாசம். செந்தூலில் கொதிக்கிற வியாழன் சிக்கிஞ்சானுக்குப் போனாலும் கொதிக்கலாம். வயலில் கொஞ்சம் குறையும் என்றால் அது இருட்டால் அல்ல. சுற்றிலும் கான்கிரீட் இல்லாததால்.

தங்கச்சி, நான் பினாங்குக்காரன். ஓய்வு பெறும்வரை நில அளவை வேலை. தோட்டங்கள் எல்லாம் தாமான்களாக, அதாவது குடியிருப்புகளாக, மாறிய காலம் முழுக்கத் தியோடலைட் என்ற கோணமளக்கும் கருவியும் கையுமாக அலைந்தவன். வானம் பார்ப்பது பிறகு வந்த பைத்தியம். ஆனால் காற்று பார்வையை எப்படிக் கெடுக்கும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது வானம் இல்லை, தார்ச்சாலை. மத்தியானத்தில் சாலை மேல் குறிபார்த்தால் எதிரே நட்டுவைத்த அளவுகோலின் எண்கள் ஒன்றோடொன்று குழையும். அதனால் முக்கியமான அளவுகளை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். பார்வைக்கோடு தரையிலிருந்து அரை மீட்டருக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம்.

தூரம் அளக்கும் மின்னணுக் கருவி வந்த பிறகு இன்னொரு பழக்கமும் வந்தது. காற்றின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் அதில் பதிய வேண்டும். வெப்பநிலையை 1 டிகிரி தப்பாகப் போட்டால் 1 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பிசகும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வீட்டுமனைக்கு அது ஒன்றுமே இல்லை.

அதே ஒரு பங்கை உங்கள் குழாய்க்கு முன்னால் வைத்துப் பாருங்கள். ஒரு மீட்டர் தடிமனுக்குக் காற்று, அதில் ஒரு பாதி மற்றப் பாதியைவிட 1 டிகிரி சூடு. சூடான பாதி வழியாக வரும் ஒளி ஏறக்குறைய 1 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, முந்திவிடும். பச்சை ஒளியின் அலைநீளமே அரை மைக்ரானுக்குச் சற்று மேல்தான். ஆக, கிட்டத்தட்ட இரண்டு அலை பிசகு. தொலைநோக்கிக் கண்ணாடி தீட்டுகிறவர்கள் பிசகு கால் அலைக்குள் அடங்க வேண்டும் என்று மாதக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். ஒரு மீட்டர் காற்று அத்தனையையும் நாசமாக்கிவிடுகிறது.

இப்போது உங்கள் கதவுக்கு வருவோம். உள்ளே ஏர்கோன் 22 அல்லது 23 டிகிரி. வெளியே இரவு பத்து மணிக்கு 27, 28 இருக்கும். குளிர்காற்று கதவின் அடிப்பக்கமாக வெளியே வழியும், சூடான காற்று மேல்பக்கமாக உள்ளே நுழையும். இரண்டும் உரசிக்கொள்ளும் இடத்தில் தொலைநோக்கியின் வாயை வைத்திருக்கிறீர்கள். அது போதாதென்று மேற்குச் சுவர் மாலை முழுக்க வெயில் குடித்து நள்ளிரவு வரை வெப்பத்தைக் கக்கும். கீழே 17 மாடியிலும் ஏர்கோன் வெளிப்பெட்டிகள் ஊதும் சூடு சுவரோடு ஏறி உங்கள் பால்கனியைக் கடந்துதான் மேலே போகும். இத்தனைக்கும் நடுவில் வியாழன் இரண்டு பட்டையோடு தெரிகிறது என்றால் உங்கள் தொலைநோக்கி நல்ல தொலைநோக்கி. விற்றவர் பொய் சொல்லவில்லை.

கோளாறு கருவியிலா காற்றிலா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. உச்சிக்கு அருகே பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, குவியத்தைச் சற்றே விலக்குங்கள். வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரியும். வளையங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தச் சாய்வு அசையாமல் அப்படியே நின்றால் கண்ணாடிகளை நேர்ப்படுத்த வேண்டும். வளையங்களின் மேல் ஏதோ ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தால் அது காற்று. வேகமாக ஓடினால் பெரும்பாலும் உயரத்துக் காற்று. சோம்பலாகச் சுருண்டு ஏறினால் குழாய்க்குள்ளேயோ வாசலிலேயோ இருக்கும் சூடு.

முன்கண்ணாடி மங்குவதற்கும் ஏர்கோன்தான் காரணம். நம் ஊர்க் காற்றில் இரவு 24 டிகிரிக்குப் பக்கத்திலேயே நீர் படிய ஆரம்பித்துவிடும். 22 டிகிரி அறையிலிருந்து வந்த கண்ணாடி வெளிக்காற்றைத் தொட்டதும் வேர்க்காமல் என்ன செய்யும்? குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் குழாயை வெளியே வைத்துக் குளிரவிடச் சொல்வார்கள். நமக்கு நேர் எதிர். மூடியைக் கழற்றாமல் ஒரு மணி நேரம் ஏர்கோன் இல்லாத இடத்தில் வைத்துச் சூடாக விடுங்கள். அதன் பிறகே மூடியைத் திறங்கள். துணியால் துடைத்துவிடாதீர்கள், பூச்சு போய்விடும். பார்த்து முடித்த பின் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பெட்டி. இல்லையென்றால் இங்குள்ள ஈரத்தில் பூஞ்சை பிடிப்பது நிச்சயம்.

12 அங்குலக் கதை. கடைக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் தொழில் அது. உங்கள் 8 அங்குலம், அதாவது 20 சென்டிமீட்டர், காற்றே இல்லையென்றால் 0.57 ஆர்க் செகண்ட் வரை பிரித்துக் காட்ட வல்லது. ஒரு டிகிரியை 3,600 கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் ஆர்க் செகண்ட். வியாழன் நமக்கு அருகில் இருக்கும் மாதங்களில் அதன் வட்டு 45 ஆர்க் செகண்ட் அகலம். கணக்குப்படி நிறைய விவரம் தெரிய வேண்டும். ஆனால் சுமாரான இரவில் காற்று ஒவ்வொரு புள்ளியையும் 2 ஆர்க் செகண்டுக்கு அப்பிவிடுகிறது. டேவிட் ஃபிரீட் என்ற அமெரிக்கர் 1960-களில் இதற்கு ஓர் அளவு வகுத்தார்: காற்று குலையாமல் ஒரே சீராக இருக்கும் திட்டின் குறுக்களவு. 2 ஆர்க் செகண்ட் இரவில் அது 5 சென்டிமீட்டர்தான். 1 ஆர்க் செகண்ட் இரவில் 10 சென்டிமீட்டர். கண்ணாடி அதைவிட எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வெளிச்சம் கூடுமே தவிர, நீண்ட நேரப் படத்தின் கூர்மை கூடாது. ஹவாயில் இருக்கும் 10 மீட்டர் கெக் தொலைநோக்கிக்கும் இதே விதிதான். திருத்தும் கருவி இல்லாமல் விட்டால் நல்ல இரவில்கூட அதன் கூர்மை ஒரு சிறு வீட்டுத் தொலைநோக்கியின் கூர்மைதான்.

ஆனால் காற்று இடைவிடாமல் கலங்கிக்கொண்டே இருப்பதில்லை. நடுநடுவே நொடியின் சிறு பங்குக்கு அடங்கும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஒரு கணம் கூர்மையாகிறது என்று. அந்தக் கணம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதையும் ஃபிரீட் 1978-இல் கணக்குப் போட்டுச் சொன்னார். 5 சென்டிமீட்டர் இரவில் உங்கள் 20 சென்டிமீட்டர் கண்ணாடிக்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதே இரவில் 30 சென்டிமீட்டர் கண்ணாடிக்கு, அதாவது கடைக்காரர் சொல்லும் 12 அங்குலத்துக்கு, 100-இல் 2. பெரிய கண்ணாடி நல்ல காற்றுக்கு ஏற்றது. இப்போது நீங்கள் பார்க்கும் வாசலில் அதை வைத்தால் காசு கொடுத்துக் கொதிப்பைப் பெரிதாக்கியதுதான் மிச்சம்.

இணையத்துப் படங்களின் ரகசியமும் இந்தக் கணங்கள்தான். வீடியோவாகச் சில நிமிடம் எடுத்து, அதிலுள்ள ஆயிரக்கணக்கான தனித்தனிப் படங்களில் கூர்மையானவற்றை மட்டும் ஆட்டோஸ்டேக்கர்ட் போன்ற மென்பொருளால் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். கண்ணால் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. கண்ணால் பார்ப்பவனுக்கு உள்ள ஒரே வழி, ஐபீஸை விட்டு நகராமல் காத்திருப்பது. உங்கள் பையனைப் பத்து நிமிடம் அப்படி உட்காரவையுங்கள், அவனுக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று. நம் ஊர் வானத்தைக் குறைசொல்லிக் குறைசொல்லியே பழகிவிட்டோம். மேகம், ஈரம், வெளிச்சம், ஆண்டில் பாதி மழை, எல்லாம் உண்மை. ஆனால் கோள்களைப் பார்க்க நமக்கு வாய்த்த இடம் சாதாரணமானதல்ல. உயரத்தில் வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டம் வடக்கே 30 டிகிரி அட்சரேகைப் பக்கம்தான் வலுவாக இருக்கும். பினாங்கு 5 டிகிரி, கோலாலம்பூர் 3 டிகிரி. அந்த ஓட்டம் நம் தலைக்கு மேல் இல்லாத இரவுகளே அதிகம். கோள்களும் நமக்குத்தான் உச்சிக்கு அருகில் வரும். 2018-இல் சனி தனுசு ராசியில் இருந்தபோது லண்டனில் அது அதிகபட்சம் 16 டிகிரி உயரம்தான் ஏறியது. அந்த உயரத்தில் ஒளி கடக்கும் காற்று, நேர் மேலே பார்ப்பதைவிட மூன்றரை மடங்கு. பினாங்கில் அதே சனி 62 டிகிரி. பிலிப்பைன்ஸின் செபு நகரில் கிறிஸ்டோபர் கோ என்பவர் இருக்கிறார், வானியலில் தொழில்முறையாளர் அல்ல. வியாழனின் சிறிய வெண்புயல் ஒன்று சிவப்பாக மாறிவிட்டதை 2006-இல் முதலில் கவனித்தவர் அவர்தான். கருவி 11 அங்குலம். செபுவும் நம்மைப்போல ஈரமும் மேகமும் நிறைந்த ஊர்தான், ஆனால் காற்று அடங்கிய ஊர்.

ஆகவே 12 அங்குலம் வேண்டாம். பக்கத்தில் புல்திடல் இருந்தால், வியாழன் 60 டிகிரிக்கு மேல் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கீழே இறக்கிக்கொண்டு போங்கள். அதன் பிறகு பேசுவோம்.


செந்தூல்_18மாடி:

ஐயா, மிக்க நன்றி. ஏர்கோன்தான் காரணம் என்று கனவிலும் நினைக்கவில்லை. கீழே சிறுவர் விளையாட்டுத் திடல் இருக்கிறது, பாதுகாவலரிடம் சொல்லிவைத்துவிட்டால் போகலாம்.

பையன் அருகில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தான். அவன் கேள்விக்குப் பதில் வரவில்லை என்கிறான். "கெக்கும் வீட்டுத் தொலைநோக்கியும் ஒன்று என்றால் அதை ஏன் கட்டினார்கள்" என்று இப்போது கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது.


பட்டர்வொர்த்_டீச்சர்:

தம்பிக்கு நான் சொல்கிறேன். இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். அளவையர் ஐயா சொன்னதெல்லாம் காற்று செய்யும் ஒரு வேலையைப் பற்றி, அதாவது கலக்குவது. காற்று இன்னொரு வேலையும் செய்கிறது: விழுங்குவது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் எதைத் தரையில் கட்டுவது, எதை மேலே அனுப்புவது என்பது தானாகவே விளங்கிவிடும்.

கலக்குவதைச் சமாளிக்கலாம். காற்றின் நடுக்கத்துக்கு மருந்து உயர்ந்த மலையுச்சிதான் என்று நியூட்டனே 1704-இல் சொல்லிவிட்டார். கெக் நிற்கும் மௌனா கியா 4,200 மீட்டர். மேகம் பெரும்பாலும் காலுக்குக் கீழே கிடக்கும், கடலிலிருந்து வரும் காற்றும் குலையாமல் வரும். அதற்கு மேல் செய்ய வேண்டியதை 1953-இல் ஹோரஸ் பாப்காக் என்ற வானியலாளர் சொன்னார்: காற்று ஒளியை எப்படிக் கோணலாக்குகிறதோ, கண்ணாடியை அந்தக் கணமே அதற்கு எதிராகக் கோணலாக்கு. செய்து காட்டத் தேவையான கணினியும் கருவிகளும் அப்போது இல்லை. இன்று சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கிகளில் ஒன்றின் இரண்டாம் கண்ணாடி 1.1 மீட்டர் அகலம், அதன் முதுகில் அதை வளைக்கும் 1,170 இயக்கிகள். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அதன் உருவம் மாறுகிறது. காற்று என்ன செய்கிறது என்று அளக்க ஒரு பிரகாசமான நட்சத்திரம் வேண்டும். அது பக்கத்தில் இல்லையென்றால் அவர்களே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறார்கள். 90 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய சோடியம் படலம் ஒன்று இருக்கிறது. மஞ்சள் லேசரை அதன்மேல் பாய்ச்சினால் அங்கே ஒரு புள்ளி ஒளிரும், அதுவே செயற்கை நட்சத்திரம்.

இது வெறும் படம் காட்டும் வித்தை இல்லை. பால்வீதியின் நடுவில் ஒரு நட்சத்திரம் 16 வருடத்துக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரியாத எதையோ சுற்றி வருவதை இரண்டு குழுக்கள் இப்படித்தான் தடம்பிடித்தன, ஒன்று கெக்கில், மற்றது சிலியில். அங்கே இருப்பது சூரியனைப்போல 40 லட்சம் மடங்கு நிறை கொண்ட கருந்துளை. ஆண்ட்ரியா கெஸ், ரைன்ஹார்ட் கென்செல் இருவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்லாம் தரையிலிருந்து பார்த்தது.

விழுங்குவதற்கு இந்த மாதிரி மருந்து கிடையாது. 300 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாவை ஓசோன் வழியிலேயே நிறுத்திவிடும். நல்லவேளை, இல்லையென்றால் நம் தோல் தாங்காது. எக்ஸ் கதிர் மலையுச்சிக்கும் வந்து சேராது. அதனால் சூரியக் குடும்பத்துக்கு வெளியே எக்ஸ் கதிர் வீசும் பொருளை முதன்முதலில் கண்டது 1962-இல் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிய சிறு கருவி, அதுவும் சில நிமிடங்களுக்கு மட்டும். இன்று அந்த வேலையைச் செய்யும் சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி 1999-இல் மேலே போனது. தம்பி, அந்தச் சந்திரா நம்மவர், 1983-இல் நோபல் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். என் வகுப்பில் இதைச் சொன்னால் பின்வரிசைகூட நிமிர்ந்து உட்காரும்.

அகச்சிவப்பில் எதிரி நீராவி. நம் தலைக்கு மேல் உள்ள நீராவியையெல்லாம் பிழிந்து தரையில் ஊற்றினால் 50 மில்லிமீட்டருக்கும் மேல் நிற்கும். சிலியில் 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆல்மா தொலைநோக்கிக்கு மேலே அது பல இரவுகளில் 1 மில்லிமீட்டர் அளவுதான். மில்லிமீட்டர் அலைகளைப் பிடிக்க அவ்வளவு உயரம் ஏறியது அதற்காகத்தான். அதுவும் போதாமல் 747 விமானத்தில் 2.5 மீட்டர் தொலைநோக்கியைப் பொருத்தி 2022 வரை பறக்கவிட்டார்கள், சோஃபியா என்று பெயர். நீராவியில் 99 விழுக்காடு விமானத்துக்குக் கீழே போய்விடும். இன்னொரு தொல்லை, காற்றும் தொலைநோக்கியும் தாங்களே அகச்சிவப்பில் ஒளிர்கின்றன. 10 மைக்ரானில் பார்த்தால் வானத்துக்குப் பகலே கிடையாது, இரவும் கிடையாது, எப்போதும் வெளிச்சம்தான். அதனால்தான் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியைப் பூமியின் சூடே படாத 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்தினார்கள்.

ரேடியோ வேறு வகை. சென்டிமீட்டர் அலைகளுக்கு மேகமும் பொருட்டல்ல, பகலும் பொருட்டல்ல. அதை மேலே அனுப்ப வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை.

எல்லாவற்றையும் மேலே அனுப்பாததற்குக் காரணம் அளவும் காசும். வெப்பின் கண்ணாடி 6.5 மீட்டர். அதை மடித்து ராக்கெட்டுக்குள் திணிக்க வேண்டியிருந்தது, திட்டச் செலவு ஏறக்குறைய 1,000 கோடி அமெரிக்க டாலர். சிலியில் இப்போது எழுந்துகொண்டிருக்கும் இஎல்டி தொலைநோக்கியின் கண்ணாடி 39 மீட்டர். திருகு ஒன்று தளர்ந்தால் தொழில்நுட்பர் படியேறிப் போய் முடுக்குவார். வெப்பில் அது நடக்காது.


கிள்ளான்_இரவன்:

டீச்சர், அளவையர் அண்ணே, இருவருக்கும் நன்றி. ஆனால் நான் ஒளி மாசைப் பற்றிச் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். நான் பார்ப்பது ஆண்ட்ரோமெடா, ஓரியன் நெபுலா, அந்த வகை மங்கலான பொருட்கள். அதற்கு எந்த இரவு நல்ல இரவு? புகைமூட்டம் இருந்தால் வீட்டிலேயே இருந்துவிடுவேன்.


ஆயர்_ஈத்தாம்_அளவையர்:

தம்பி, உன் சரக்குக்கு நீ சொன்னதுதான் சரி. நெபுலாவுக்குக் காற்று அடங்கியிருப்பது முக்கியம் இல்லை, தெளிந்திருப்பதே முக்கியம். இரண்டும் ஒரே இரவில் சேர்ந்து வருவது அபூர்வம். நல்ல மழை கொட்டி ஓய்ந்த பிறகு தூசு அடங்கி வானம் கறுத்துக் கிடக்கும். பட்டர்வொர்த் பக்கத்து விளக்குகள்கூடக் கூர்மையாகத் தெரியும். எல்லாரும் அப்போது அவசரமாகத் தொலைநோக்கியைத் தூக்குவார்கள். உனக்கு அது விருந்து. வியாழனுக்கு அது பெரும்பாலும் மோசமான இரவு, ஏனென்றால் மேலே காற்று இன்னும் புரண்டுகொண்டிருக்கும், நட்சத்திரங்கள் வெட்டி வெட்டி மின்னும்.

புகைமூட்டம் இதற்கு நேர் எதிர். சுமத்ராவிலிருந்து புகை வந்து தங்கும் நாட்களில் காற்று அசையாமல் அடுக்கடுக்காக நிற்கிறது என்று அர்த்தம், அசைந்திருந்தால் புகை கலைந்திருக்கும். நட்சத்திரம் பாதி காணாமல் போகும், வியாழன் பழுப்பேறித் தெரியும், ஆனால் படம் ஆடாமல் நிற்கும். 250 மடங்கில் ஓரம் கத்தரித்தாற்போல் நிற்பதை அப்படிப்பட்ட இரவுகளில்தான் பார்த்திருக்கிறேன். 2015, 2019 மாதிரி பள்ளிக்கூடத்தையே மூடும் அளவுக்குப் புகை வந்தால் மட்டும் வெளியே போகாதே. நுரையீரல் முக்கியம்.

நகர வெளிச்சமும் இங்கே இரண்டு மடங்கு உறைப்பதற்கு ஈரமே காரணம். ஈரக்காற்றில் தூசுத் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும், தெருவிளக்கின் ஒளி அவற்றில் பட்டுச் சிதறும். அதனால் கெந்திங், கேமரன் மலை என்று உயரம் ஏறினால் தீரும் என்று நினைக்காதே. கெந்திங்கில் சூதாட்ட விடுதியின் வெளிச்சம், கேமரனில் இரவெல்லாம் விளக்கெரியும் பூந்தோட்டக் கூடாரங்கள், இரண்டு இடத்திலும் மாலையில் தவறாமல் மேகம். சிக்கிஞ்சான் பரவாயில்லை, கடல் பக்கமாகத் திரும்பிப் பார்.


செந்தூல்_18மாடி:

ஐயா, டீச்சர், கிள்ளான் தம்பி, எல்லாருக்கும் நன்றி. பையன் 39 மீட்டர் கண்ணாடியில் மூழ்கிவிட்டான், வீட்டுப்பாடம் அப்படியே கிடக்கிறது. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். கீழே திடலில் கொசுவுக்கு என்ன செய்வது? மருந்தைப் பூசிக்கொண்டால் கண்ணாடியில் படுமோ என்று பயமாக இருக்கிறது.


ஆயர்_ஈத்தாம்_அளவையர்:

படும். கையில் தெளித்துக்கொண்டு ஐபீஸைத் தொடாதீர்கள், சில மருந்துகள் பிளாஸ்டிக்கைக்கூட இளக்கிவிடும். நீளக் காற்சட்டை, காலுறை, அப்புறம் பேட்டரியில் ஓடும் சின்ன மின்விசிறி ஒன்று. விசிறியைத் தரையில் வைத்துக் காலைப் பார்த்துத் திருப்புங்கள், குழாயைப் பார்த்து அல்ல. 250 மடங்கில் அந்தக் காற்றுக்கே குழாயைத் தாங்கும் கால் ஆடும்.